பழைய டிக்கெட்டில் புதுக் கையெழுத்து போடலாமா?

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டில் 1986-ஆம் வருடத்து கிரிக்கெட் டிக்கெட் ஒன்று இருக்கிறது. அந்த மேட்ச்சில் ஆடிய ஒருவர் அடுத்த மாதம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்காரப் போகிறார். அந்த டிக்கெட்டை நீட்டி ஆட்டோகிராப் வாங்குவீர்களா, மாட்டீர்களா?

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா, வாங்கிட்டு வந்து ஃபிரேம் போட்டு மாட்டு" என்றுதான் என் வகுப்பில் கேட்ட ஆறு பேரில் ஐந்து பேர் சொன்னார்கள். ஆறாவது ஆள் "எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டான். (பி.காம். படிப்பவர்களிடம் கேட்டால் இப்படித்தான்.) எங்கள் வீட்டிலோ மூன்று வாரமாக இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி, பாட்டி எந்தக் கட்சி என்று கடைசி வரை தெரியவில்லை. அம்மா மட்டும் "ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல" என்ற நடுநிலைக் கட்சி.

முதலில் டிக்கெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட். டெஸ்ட் கிரிக்கெட் தொடங்கிய 1877-லிருந்து இன்று வரை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் மேட்ச் ஆடியாகிவிட்டது. அதில் டை ஆனவை இரண்டே இரண்டு. ஒன்று 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது. இன்னொன்று நம் சேப்பாக்கத்தில், என் தாத்தா உட்கார்ந்து பார்த்தது.

தாத்தா அப்போது திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். அரசாங்க ஆபீஸில் கிளார்க். அந்த வியாழன், வெள்ளி, திங்கள் மூன்று நாளும் லீவு போட்டு, ஐந்து நாளும் வீட்டிலிருந்து நடந்தே ஸ்டேடியத்துக்குப் போனாராம். தூக்குச்சட்டியில் தயிர்சாதம், தலையில் ஈரத்துண்டு. டீன் ஜோன்ஸ் 210 அடித்து, அந்த வெயிலில் வாந்தி எடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். தாத்தா அதைச் சொல்லும்போது ஜோன்ஸைவிடத் தன் துண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். எத்தனை தடவை நனைத்தார், எங்கே போய் நனைத்தார் என்று.

கடைசி நாள் காலையில் ஆலன் பார்டர் முதல் நாள் ஸ்கோரிலேயே டிக்ளேர் செய்து 348 என்று இலக்கு வைத்தார். கவாஸ்கர் 90. கடைசி ஓவரை கிரெக் மாத்யூஸ் போட வந்தபோது இந்தியாவுக்கு நான்கு ரன் வேண்டும், கையில் ஒரே ஒரு விக்கெட். முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவது பந்தில் ரவி சாஸ்திரிக்கு இரண்டு ரன். மூன்றாவதில் ஒன்று. ஸ்கோர் சமம். நான்காவது பந்தை மணிந்தர் சிங் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது, அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். மட்டையில் பட்டது என்று மணிந்தர் அதற்கப்புறமும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். விக்ரம்ராஜுவுக்கு அதுவே கடைசி டெஸ்ட்.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் தாத்தா பென்சிலால் இதை எழுதி வைத்திருக்கிறார். கமென்டரி எல்லாம் இல்லை. 0, 2, 1, 0, பிறகு ஒரு பெருக்கல் குறி. அதற்கு அடுத்து ஒரு சின்ன வட்டம், உள்ளே ஒன்றும் இல்லாமல். போடப்படாத ஆறாவது பந்து. நான் எட்டாவது படிக்கும்போது இந்த வட்டம் என்ன தாத்தா என்று கேட்டேன். "அது பாக்கிடா" என்றார். அவ்வளவுதான். அவர் 2019-இல் போய்விட்டார்.

இந்த டிக்கெட் எங்கள் வீட்டில் அலமாரியில், ஒரு பழைய டைரிக்குள் இருக்கிறது. தாளைவிட ஒரு படி தடிப்பான அட்டை, அவ்வளவுதான். ஒரு மூலை மடிந்திருக்கிறது. முன்பக்கத்தில் அச்சடித்த எழுத்துகளுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். "பாரேன், கையெழுத்து போடறதுக்குன்னே விட்டு வச்ச மாதிரி இருக்கு" என்று மாமா சொல்வது அந்த இடத்தைத்தான்.

மாமா வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு அந்த மேட்ச்சில் ஆடிய இந்திய வீரர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வருகிறார். (விழா இன்னும் நடக்கவில்லை, அதனால் பெயர் வேண்டாம்.) மாமா விழாக் குழுவில் இருக்கிறார். மேடைக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நிச்சயம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் டிக்கெட்டை நீட்டிவிட வேண்டும் என்பது மாமாவின் திட்டம்.

நான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், மாமா பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அது பலமான நியாயம்.

டை ஆன அன்று சாயந்திரம், கூட்டம் கலைந்த பிறகும் தாத்தா வாலாஜா ரோட்டில் கேட் பக்கத்தில் நின்றிருக்கிறார், இதே டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. யாராவது ஒருத்தர், ஆஸ்திரேலியாக்காரர் ஆனாலும் பரவாயில்லை, ஒரு கையெழுத்து. பஸ் வந்தது, கூட்டம் நெருக்கியது, பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது மணி எட்டாம். பாட்டி திட்டியிருக்கிறார். இந்தக் கதையைத் தாத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பஸ் கொஞ்சம் கொஞ்சம் கிட்டே வரும். :-) ஆகவே மாமாவின் வாதம் இது: "அப்பா கேட்டு நின்னது. கிடைக்கல. இப்ப கிடைக்குது. அதே டிக்கெட்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன். அதற்குள் இந்தப் பழம்பொருள் சேகரிப்பாளர்கள் உலகத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். பார்க்கப் போனால், அங்கேயும் எங்கள் வீட்டுச் சண்டைதான்.

அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகள் சேகரிப்பது பெரிய தொழில். சூயிங்கம், சிகரெட் பாக்கெட்டுகளோடு இலவசமாக வந்த வீரர் படங்கள். மிக்கி மேன்ட்டில் படம் போட்ட 1952-ஆம் வருடத்து டாப்ஸ் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதில் கையெழுத்து கிடையாது. விலை முழுக்க அட்டையின் சுத்தத்துக்கு. மூலை மடியவில்லை, நிறம் போகவில்லை, படம் நடுவில் இருக்கிறது. அவ்வளவே.

இந்த அட்டைகளுக்கு மார்க் போட கம்பெனிகள் இருக்கின்றன. பி.எஸ்.ஏ. என்பது அதில் பெரியது. ஒன்றிலிருந்து பத்து வரை மார்க். அட்டையில் யாராவது பேனாவால் கிறுக்கியிருந்தால் மார்க்குக்குப் பக்கத்தில் "எம்.கே." என்று ஒரு குறியீடு விழும். எழுத்து அடையாளம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு, அட்டையில் இருக்கும் கையெழுத்து அந்த வீரருடையதுதான் என்று சான்றிதழ் கொடுக்கும். அந்தக் கையெழுத்துக்கும் தனியாகப் பத்துக்கு மார்க் போடும்! அதாவது, சின்னப் பையன் பேனாவில் தன் பெயரை எழுதினால் கறை. அட்டையில் இருக்கிற ஆளே எழுதினால் கலைப்பொருள். மை ஒன்றுதான், ஆள்தான் வேறு. சிரிப்பாக இருந்தாலும் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சேகரிப்பவர்களில் பழைய ஆட்கள், அட்டையில் யார் எழுதினாலும் கறைதான் என்பார்கள். அடுத்த வட்டாரம், வீரர் தொட்டு எழுதினால்தான் அட்டைக்கு உயிர் வருகிறது என்பார்கள். விலைப்பட்டியலைப் பார்த்தால் இரண்டு பேரும் சரி. மூலை மடங்கிய, நிறம் வெளுத்த அட்டையில் கையெழுத்து வாங்கினால் விலை ஏறும், ஏனென்றால் அங்கே கெடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பளிங்கு மாதிரி இருக்கிற அட்டையில் வாங்குவது சூதாட்டம். மாமா உடனே, "நம்ம டிக்கெட்டும் மூலை மடங்கினதுதானே" என்றார். சரியான பாயின்ட்தான். ஆனால் நாம் விற்கவா போகிறோம்?

விலையை விட்டுவிட்டு யோசித்தால் எனக்கு உதவியது முகமது அலி.

1964 பிப்ரவரி 25, மயாமி. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் சானி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனான். அன்று இரவு அரங்கில் விற்ற புத்தகத்தில் அவன் பெயர் கேஷியஸ் கிளே. முகமது அலி என்ற பெயர் அவருக்கு வந்தது அடுத்த மாதம், மார்ச்சில். இப்போது ஒருவர் அந்த 1964 புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்து, பல வருடம் கழித்து அலியிடம் கையெழுத்து வாங்குகிறார் என்று வையுங்கள். அவர் "முகமது அலி" என்று போடுவார். அந்த இரவில் அந்தப் பெயரே இல்லை! "கேஷியஸ் கிளே" என்று போடச் சொன்னால்? அது அவரே உதறிய பெயர், அடிமைப் பெயர் என்று சொன்ன பெயர். அப்படியும் கேட்டிருக்கிறார்கள், அவரும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இதோடு இன்னொன்று. 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் வருடம் ஆக ஆக கையெழுத்து சுருங்கி நடுங்குகிறது. லிஸ்டனை ஆறு ரவுண்டு துரத்திய கையின் புத்தகத்தில், நடுங்கும் கையின் கையெழுத்து.

எனக்கு அந்த நடுங்கும் கையெழுத்தின் மேல் மரியாதை உண்டு. சொல்லப்போனால் அதன் மேல்தான் அதிக மரியாதை. ஆனால் அது வேறொரு நாளின் சாட்சி. இரண்டு நாட்களையும் ஒரே தாளில் போட்டு, நடுவில் தேதி போடாமல் விட்டால், இருபது வருடம் கழித்துப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? மேட்ச் முடிந்த கையோடு வாங்கியது என்று நினைப்பான். நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தாள் சொல்லும்.

எங்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். எங்கள் வீட்டிலேயே, எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளிடம் (அவசரப்படவில்லை, உதாரணத்துக்குச் சொல்கிறேன்) அந்த டிக்கெட்டைக் காட்டினால், "கொள்ளுத்தாத்தா அன்னைக்கே போய் ஆட்டோகிராப் வாங்கினாரு" என்றுதான் கதை மாறும். பஸ் போய்விட்ட கதை போய்விடும். தாத்தாவிடம் கையெழுத்து இல்லை என்பதுதான் அந்த டிக்கெட்டின் கதை. வெற்றிடமாக இருக்கிற அந்த இரண்டு விரல் அகலமும், பின்பக்கத்து வட்டம் மாதிரியே, ஒரு பாக்கிதான். மாமாவுக்கு நான் சொன்ன பதில் இது. "அவருக்குக் கிடைக்கலைங்கறது உண்மை மாமா. நாம வாங்கினா அது நமக்குக் கிடைச்சது. அவருக்கு இல்ல."

மாமா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ ரொம்பப் படிக்கிற" என்றார்.

ஆட்டோகிராப் என்றாலே நம்பலாமா என்ற விவகாரம் தனி. அமெரிக்க எஃப்.பி.ஐ. 1990-களின் கடைசியில் "ஆபரேஷன் புல்பென்" என்று ஒரு வேட்டை நடத்தியது. விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகளை அப்படியே போட்டுத் தள்ளிய கும்பல்கள் பிடிபட்டன. பெரிய ரெய்டு 1999-இல். இது கும்பல் வேலை. வீரர்கள் உடை மாற்றும் அறையில் எடுபிடி வேலை பார்த்த பையன்களே அந்தக் காலத்தில் வீரர்களுக்காகப் பந்துகளில் கையெழுத்துப் போட்டதும் உண்டு. ஆகவே பழைய கையெழுத்து என்பதாலேயே அது புனிதம் ஆகிவிடாது.

அதனால்தானோ என்னவோ, இப்போதெல்லாம் பெரிய ஏலங்களில் கையெழுத்தைவிட "அன்று அங்கே இருந்ததா?" என்ற கேள்விக்குத்தான் காசு. 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் தட்டி கோல் போட்டாரே, அந்த மேட்ச்சில் அவர் அணிந்த சட்டை 2022 மே மாதம் 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. மேட்ச் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜிடம் மாற்றிக்கொண்ட சட்டை. ஏலத்துக்கு முன் மரடோனாவின் மகள் ஒரு சந்தேகம் கிளப்பினார். இது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்த சட்டை வேறு என்று. ஏல நிறுவனம் பழைய புகைப்படங்களை வைத்து, துணியின் நுணுக்கமான அடையாளங்களை ஒப்பிட்டு, இதுதான் அது என்றது. சண்டை முழுக்க அந்தப் பத்து நிமிடத்தில் அந்தத் துணி அவர் உடம்பில் இருந்ததா என்பதைப் பற்றி. கையெழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பேப் ரூத் 1932-இல் போட்ட சட்டை 2024 ஆகஸ்டில் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியதும் இதே கணக்கில்தான்.

தாத்தா டிக்கெட் அன்று அங்கே இருந்தது. அதற்கு அத்தாட்சி அந்தப் பென்சில் எழுத்து. இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த வீரரும் தர முடியாது என்பது என் கட்சி.

இங்கே என் பாடப்புத்தகத்தை இழுக்காமல் விட முடியாது, மன்னிக்கவும். ஆடிட்டிங் வகுப்பில் வவுச்சர் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். செலவு நடந்த அன்று எழுதிய சீட்டுக்குத்தான் மதிப்பு. பிற்பாடு யாராவது அதில் எதையாவது சேர்த்து எழுதினால், எழுதியவர் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆடிட்டர் அந்தச் சீட்டையே சந்தேகப்படுவார். சேர்த்து எழுதியது உண்மையாகவே இருந்தாலும் சரி.

இன்னொரு புத்தகத்தில் இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம். செக், பிராமிசரி நோட்டு எல்லாம் இதில்தான் வரும். அதன் 15-ஆவது பிரிவு மேலெழுத்து பற்றியது. மேலெழுத்து போடுகிறவர் ஆவணத்தின் பின்பக்கமோ முன்பக்கமோ கையெழுத்துப் போடலாம். அல்லது அதோடு இணைத்த ஒரு துண்டுத்தாளில் போடலாம். துண்டுத்தாள்! 'அலோஞ்ச்' என்று அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. நூற்று நாற்பது வருடத்துக்கு முன் சட்டம் எழுதியவர்களுக்கே, ஆவணத்தில் கை வைக்காமல் ஆவணத்தோடு சேர்ந்து நிற்க ஒரு வழி தோன்றியிருக்கிறது.

ஆக என் யோசனை: கையெழுத்து வாங்கலாம், டிக்கெட்டில் வேண்டாம், தனித்தாளில்.

இப்படிச் செய்து அழகாக முடிந்த கதையும் இருக்கிறது. 1951 அக்டோபர் 3, நியூயார்க். பேஸ்பாலில் ரால்ஃப் பிராங்கா போட்ட பந்தை பாபி தாம்சன் தூக்கி அடித்து, ஒரு அடியில் அந்த சீசனையே ஜெயித்துவிட்டார். ஒருவருக்கு வாழ்நாள் பெருமை, இன்னொருவருக்கு வாழ்நாள் அவமானம். ஆனால் வயதான பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அடியின் புகைப்படப் பிரதிகளில் வருடக்கணக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். நண்பர்களும் ஆனார்கள். தாம்சன் 2010-இலும் பிராங்கா 2016-இலும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படங்களில் இருக்கிற இரண்டு கையெழுத்துகளும் 1951-ஐப் பற்றியே இல்லை. அப்புறம் வந்த ஐம்பது வருடத்தைப் பற்றியவை. அதனால்தான் அவை பொய் ஆகவில்லை. புதுப் பிரதியில் புதுக் கையெழுத்து, ஒருத்தருக்கும் குழப்பம் இல்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாமா சொல்லிவிடுவார். ஃபிராங்க் வாரல் கோப்பை. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் டெஸ்ட் தொடர் ஆடினால் ஜெயிப்பவருக்கு. அந்தக் கோப்பையில் பதித்திருப்பது 1960 பிரிஸ்பேன் டை டெஸ்டில் பயன்படுத்திய பந்து! வடிவமைத்தவர் எர்னி மெக்கார்மிக், ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய முன்னாள் வேகப்பந்து வீச்சாளர், நகை செய்கிறவர். பந்தை எடுத்து வைத்து அதைச் சுற்றி வேறொரு பொருளையே செய்துவிட்டார்கள். என்னைப் போன்ற ஆள் அந்த அறையில் இருந்திருந்தால் "ஐயோ, பந்தைத் தொடாதீங்க" என்று கத்தியிருப்பேன். நல்ல வேளை, இல்லை. ஆனால் அவர்கள் அதே தொடரின் ஆட்கள், அதே சீசனில் செய்தது. முப்பத்தொன்பது வருடம் கழித்து கம்பெனி விழா மேடைக்குப் பின்னால் செய்ததில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கையெழுத்து என்று ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? அன்றைய சேப்பாக்கம் என்றால் முதலில் ஞாபகம் வருவது டீன் ஜோன்ஸ். அவர் 2020 செப்டம்பர் 24-ஆம் தேதி மும்பையில் காலமானார். அந்த டெஸ்ட் முடிந்து 34 வருடமும் இரண்டு நாளும் ஆகியிருந்தது. அவர் கையெழுத்து இனி எந்த டிக்கெட்டிலும் விழாது. வரப்போகிற விருந்தினர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் ஒருவர் பெயர் மட்டும் டிக்கெட்டில் இருந்தால், அது அவருடைய மேட்ச் மாதிரி ஆகிவிடும். இப்போது அது இருபத்திரண்டு பேருடைய மேட்ச். தாத்தாவைச் சேர்த்தால் இருபத்திமூன்று. (அம்பயர்களை விட்டுவிட்டேன். மணிந்தர் கோபித்துக்கொள்வார்.)

இவ்வளவும் பேசி மாமா அசையவில்லை. "உன் சட்டப்பிரிவெல்லாம் சரிடா, ஆனா தனித்தாள்ல வாங்கினா அதுல அப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டார். அதுவும் நல்ல கேள்விதான்.

கடைசியில் விஷயத்தைத் திருப்பியது வாதம் இல்லை, லாட்டரிச் சீட்டு. தாத்தாவின் அதே டைரியில் பழைய தமிழ்நாடு அரசு லாட்டரிச் சீட்டுகள் ஏழெட்டு இருந்தன. (லாட்டரியை 2003-இல் தடை செய்தார்கள். தாத்தாவுக்கு ஒரு தடவையும் விழுந்ததில்லை.) டிக்கெட்டைவிடக் கொஞ்சம் மெல்லிசு, மற்றபடி பழைய தாள்தான். அதில் மூன்றை எடுத்து, பின்பக்கத்தில் தாத்தா மாதிரியே பென்சிலில் 0, 2, 1, 0 என்று எழுதினேன். பாட்டியையும் மாமாவையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் காட்டினேன்.

முதலில் மார்க்கர் பேனா. ஆட்டோகிராப் என்றால் எல்லோரும் நீட்டுவது அதைத்தான். பத்து எண்ணுவதற்குள் மை பின்பக்கம் ஊறி, பென்சில் எழுத்துக்குப் பின்னால் ஊதா நிழல் மாதிரி நின்றது. அடுத்தது பால்பாயின்ட் பேனா. மை ஊறவில்லை, ஆனால் அழுத்தம் அப்படியே பின்பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது. பென்சிலில் எழுதிய 2 மேட்டில் ஏறி இறங்கியது. விரலால் தடவினால் கரியம் உதிர்ந்தது. மூன்றாவது ஜெல் பேனா. அது காய்வதற்குள் மாமாவின் கட்டைவிரலே பட்டு இழுவிவிட்டது. மேடைக்குப் பின்னால், அவசரத்தில், யாரோ நீட்டிய பேனாவால், முழங்கால் மேல் வைத்துப் போடப்போகும் கையெழுத்துக்கு இவ்வளவுதான் உத்தரவாதம்.

பாட்டி மூன்று சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டி என் கட்சி என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"அவர் இருந்திருந்தா இதெல்லாம் பார்த்திருக்க மாட்டார். ஓடிப்போய் நீட்டியிருப்பார். பென்சில் அழிஞ்சா அழியட்டும்னுட்டு."

மாமா என்னைப் பார்த்தார். ஜெயித்த பார்வை.

"ஆனா அது அவர் எழுதினது. அவர் அழிக்கலாம்" என்றார் பாட்டி. "நீங்க ரெண்டு பேரும் அழிக்க வேண்டாம். வேற பேப்பர்ல வாங்கிக்கோங்க. வாங்காம மட்டும் வந்துடாதீங்க."

தீர்ப்பு வந்துவிட்டது. டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, நல்ல தடித்த தாளில் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போகிறோம். பின்பக்கம்தான் மேலே, பென்சில் எழுத்து தெரிகிற மாதிரி. "அப்பா எங்க இருக்காரு" என்ற கேள்விக்கு என்னால் முடிந்த பதில் அது. கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். மையும் வாங்கியாகிவிட்டது, நிறமிக் கலவை உள்ள கறுப்பு மை, வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்காது. பேனா எண்பது ரூபாய், மாமா கணக்கில்.

இனி ஒரே ஒரு பிரச்னைதான் பாக்கி. கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியும் போடச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதம். "அவ்வளவு பெரிய ஆள்கிட்டப் போய், சார் தேதி போடுங்கன்னு பேங்க் கவுன்ட்டர்ல சொல்ற மாதிரி சொல்ல முடியுமாடா?" என்று மாமா நேற்று ராத்திரியும் புலம்பிக்கொண்டிருந்தார். விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. எப்படிக் கேட்டால் பணிவாக இருக்கும் என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.